முதல் கண்ணாடி, முதல் இரண்டு கிழமை

பாடப்புத்தகம் குறும்பார்வை என்கிறது. தமிழகத்துப் புத்தகங்கள் கிட்டப்பார்வை என்கின்றன. வீட்டில் "தூரம் தெரியாது" என்கிறோம். மூன்றும் ஒன்றுதான். கண்கோளம் இருக்கவேண்டியதைவிடச் சற்று நீண்டுவிட்டதால், தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மில்லிமீற்றர் நீண்டாலே இரண்டரை, மூன்று டயொப்ரர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு) ஏறிவிடும். மைனஸ் வில்லை, அதாவது குழிவில்லை, அந்தக் குவியத்தைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையில் விழுத்துகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

புதுக் கண்ணாடியோடு கடையை விட்டு வெளியே வந்ததும் தூரத்தில் எதையாவது பாருங்கள்: மணிக்கூட்டுக் கோபுரத்தின் முள், வருகிற பஸ்ஸின் நெற்றிப் பலகை, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்து. போட்ட நிமிடத்திலேயே அது தெளியவேண்டும். கூடுதலான சிலிண்டர் (கண்வளைவு சீரில்லாததற்கான திருத்தம்) முதன்முதலாகப் போடுகிற ஒருசிலரைத் தவிர, தெளிவுக்குப் பழக்கம் தேவையில்லை. நிலம் பள்ளமாகத் தெரிவது, கதவு நிலை சரிந்திருப்பது, தலையைத் திருப்பினால் வீதியே நீந்துவது, நெற்றியில் ஒரு இறுக்கம், இவைதான் நாள் எடுத்துப் பழகும். "போடப் போடச் சரிவரும்" என்று கடைக்காரர் சொன்னால் எது சரிவரும் என்று திருப்பிக் கேளுங்கள். கலங்கித் தெரியும் பலகை போடப் போடத் தெளியாது.

துண்டில் எழுதியிருப்பது

கண்ணைச் சோதித்துத் தரும் துண்டில் வலக்கண், இடக்கண் என்று இரண்டு நிரை இருக்கும். எஸ்.பி.எச். என்ற நிரலில் உள்ள மைனஸ் இலக்கம்தான் குறும்பார்வையின் அளவு. 0.25 படியாக ஏறும். 100ஐ அந்த இலக்கத்தால் பிரித்தால், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் கடைசித் தூரம் சென்ரிமீற்றரில் வரும். மைனஸ் 1.00 என்றால் ஒரு மீற்றர், 2.00 என்றால் 50, 4.00 என்றால் 25.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பத்திரிகையை மெல்ல மெல்லத் தள்ளிப் பிடியுங்கள். எழுத்தின் ஓரம் எங்கே கலங்கத் தொடங்குகிறதோ அங்கேயிருந்து கண்வரை அடிமட்டத்தால் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். 40 சென்ரிமீற்றரில் கலங்கினால் அந்தக் கண் மைனஸ் 2.50 அளவில் இருக்கிறது. துண்டில் 4.00 என்று எழுதியிருந்தால் திரும்பப் போய்க் கேட்க நியாயம் உண்டு. கால், அரை வித்தியாசத்துக்குப் போகவேண்டாம், இந்த முறைக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

சி.வை.எல். என்பது சிலிண்டர். கண்ணின் முன்பக்க வளைவு எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இல்லாததற்கு அது. பக்கத்தில் உள்ள அக்ஸிஸ், அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்று 180 பாகைக்குள் சொல்லும். பி.டி. என்பது இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரம், மில்லிமீற்றரில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60ஐ ஒட்டி இருக்கும். துண்டில் பி.டி. இல்லையென்றால் கடையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு ஏதும் பிழைத்தால் இந்த இலக்கம்தான் கைகொடுக்கும்.

முதல் நாட்கள்

காலையில் எழுந்ததும் போடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு, கண் களைத்த நேரத்தில் புதுக் கண்ணாடியைத் தொடங்கினால் தலையிடியோடுதான் படுக்கவேண்டும். முதல் நாள் வீட்டுக்குள், முற்றத்தில், ஒழுங்கையில் நடந்து பாருங்கள். அரை மணிக்கொருதடவை கழற்றிக் கழற்றிப் போடுவதுதான் பலர் விடும் பிழை. தலையைத் திருப்பும்போது படம் ஆடாமல் இருக்கக் கண் எதிர்ப்பக்கம் கணக்காகத் திரும்புகிறது. மைனஸ் வில்லை படத்தைச் சுருக்குவதால் அந்தக் கணக்கு மாறுகிறது. மைனஸ் 4.00க்கு எல்லாம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு சிறுத்துத் தெரியும். மூளை புதுக்கணக்கைப் படித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் போதும், ஆனால் கழற்றும்போதெல்லாம் பழைய கணக்குக்குத் திரும்புகிறது. தலைசுற்றினால் கழற்றி, கண்ணை மூடிக் கால்மணி இருந்துவிட்டுத் திரும்பவும் போடுங்கள்.

படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தாமல் நாடியையும் தாழ்த்துங்கள். வில்லையின் நடுப்பகுதியால் பார்த்தால் படி இருக்கிற இடத்தில் இருக்கும், ஓரத்தால் பார்த்தால் இடம் மாறித் தெரியும். பஸ் மிதிபலகையும் கிணற்றடி வழுக்கலும் முதல் கிழமையில் கவனம். நிலம் ஆடுவது நிற்கும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம். அதற்குப் பிறகும் இரவு ஓட்டத்தை இன்னும் சில நாள் தள்ளிப்போடுங்கள். முழு ஹெல்மெற் போடுபவர்கள் ஹெல்மெற்றை முதலில் மாட்டி, பிறகு கண்ணாடியைச் செருகவேண்டும். இதற்கு நேரான, மெல்லிய காதுத் தண்டு உள்ள பிறேம்தான் சுகம். காதுக்குப் பின்னால் கொழுவி வளைந்த தண்டு ஹெல்மெற்றுக்குள் மடங்கி நாளடைவில் கோணிப்போகும்.

வாசிக்கும்போது வரும் இறுக்கம் வேறு கதை. மைனஸ் 2.50 உள்ளவர் இவ்வளவு நாளும் 40 சென்ரிமீற்றரில் புத்தகத்தை எந்த முயற்சியும் இல்லாமல் வாசித்தார். கண்ணாடி போட்டதும் அதே புத்தகத்துக்குக் கண் 2.50 அளவுக்குத் தசையை இழுத்துக் குவிக்கவேண்டும். இளம் கண் ஒரு கிழமையில் இதற்குப் பழகிவிடும். 40 வயது தாண்டியவருக்குக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி வருவதால் முன்போல வளைந்து கொடுக்காது, எத்தனை கிழமை போட்டாலும் பழகாமல் போகலாம். அவர் வாசிக்கும்போது கழற்றிவைக்கலாம், அல்லது இரட்டை வில்லையோ புறோகிரசிவோ (தூரத்திலிருந்து கிட்டவரை பவர் படிப்படியாக மாறும் வில்லை) எடுக்கலாம். இதைச் சொல்லாமல் ஒற்றைப் பவரைக் கொடுத்துவிட்டு "பழகும்" என்று அனுப்புவது சரியல்ல.

எந்நேரமும் போடவேண்டுமா? மைனஸ் 0.75 உள்ள பெரியவர் வீதிக்கும் ரீவிக்கும் போட்டால் போதும். 1.50க்கு மேல் என்றால் முழுநாளும் போடுவதுதான் லேசு. பிள்ளைகள் முழுநாளும் போடட்டும். "கண்ணாடி போட்டால் பவர் கூடும்" என்று பவரைக் குறைத்துப் போடுவிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2002இல் வெளியான மலேசிய ஆய்வொன்றில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் குறும்பார்வை வேகமாகக் கூடியது. கூடுவது கண்கோளம் வளர்வதால். கண்ணாடியைக் கழற்றினால் முன்னைவிட மோசம் போலத் தோன்றுவது, தெளிவு எப்படி என்று இப்போது தெரிந்துவிட்டதால். பொன்னாங்கண்ணியும் முருங்கையிலையும் நல்ல சாப்பாடு, விற்றமின் ஏ கண்ணுக்கு வேண்டும், ஆனால் நீண்ட கண்கோளம் கறியால் கட்டையாகாது. பிள்ளைக்கு உதவுவது வெளி வெளிச்சம். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் முற்றத்திலோ மைதானத்திலோ நின்றால் குறும்பார்வை தொடங்குவது தள்ளிப்போகும். பட்டக்காலத்தில் பிள்ளை வயல்வெளியில் நின்றால் ஏசாதீர்கள்.

பழகாதவை

இரண்டு கிழமைக்குப் பிறகும் தலையிடி நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, பவர் கூடிவிட்டது. எழுத்து தெளிவதை விட்டுச் சிறுத்துக் கறுத்துக் காட்டும். ஓ.எல். பிள்ளையை ரியூசன் முடிந்த கையோடு பின்னேரம் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தால் இது சுலபமாக நடக்கும். நாள் முழுதும் கொப்பியையும் போனையும் பார்த்த கண் குவித்தபடியே நின்றுவிட, இல்லாத குறும்பார்வையும் சேர்ந்து காட்டும். காலையில், ஓய்ந்த கண்ணோடு போங்கள். சோதிக்கும்போது சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துக் காட்டுவார்கள், பச்சை மட்டும் எடுப்பாகத் தெரிந்தால் அப்படியே சொல்லுங்கள், மைனஸ் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிள்ளைகளுக்கு மருந்து விட்டுச் சோதிப்பதே நம்பகமானது. மருந்து விட்டால் ஒரு நாளளவு கிட்ட எழுத்துக் கலங்கும், வெயில் கூசும், ஆகவே பள்ளிக்கூடச் சோதனைக்கு முதல்நாள் வேண்டாம். அரச ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் இதற்குக் காசில்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. நேரம் எடுக்கும் என்பதுதான் ஒரே குறை.

இரண்டாவது, வில்லையின் மையம் கண்மணிக்கு முன்னால் இல்லை. மைனஸ் 4.00 வில்லை ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் விலகினால் இரண்டும் சேர்ந்து 2.4 பிரிசம் (ஒளி பக்கவாட்டில் வளைவதை அளக்கும் அலகு) அளவுக்குக் கண்ணை இழுக்கும். கண் அந்த இழுவையோடு நாள் முழுதும் மல்லுக்கட்டும். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று பிசகினால் இன்னும் மோசம். சிலிண்டர் இல்லாத கண்ணாடி என்றால் நீங்களே பார்க்கலாம். கையை நீட்டிப் பிடித்து, ஒரு வில்லைக்குள்ளால் தூரத்துக் கதவு நிலையின் ஓரத்தைப் பாருங்கள். வில்லைக்குள் தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறிந்து நிற்கும். கண்ணாடியை இடம்வலமாக நகர்த்த, ஓரிடத்தில் இரண்டும் ஒட்டி ஒரே கோடாகும். அங்கே ஒரு சின்ன ஸ்ரிக்கர் பொட்டை ஒட்டுங்கள். மற்ற வில்லைக்கும் அப்படியே. இரண்டு பொட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பி.டி.யோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் போகட்டும். ஐந்து, ஆறு வந்தால் வில்லையைத் திரும்ப வெட்டித் தரச் சொல்லலாம்.

மூன்றாவது, சிலிண்டரின் கோணம் பிசகியது. 10 பாகை பிசகினாலே மூன்றிலொரு பங்கு திருத்தம் வீணாகிவிடும். கண்ணாடியைப் போட்டபடி, மற்றக் கண்ணைப் பொத்தி, பிறேமை ஸ்ரியரிங் திருப்புவதுபோல் மெல்லச் சரித்துப் பாருங்கள். சரிக்கும்போது எழுத்துத் தெளிந்தால் கோணம் பிழை. வட்டப் பிறேமில் வில்லையே சுழன்றுவிடுவதும் உண்டு, அதனால் சிலிண்டர் கூடியவர்கள் வட்டத்தைத் தவிர்ப்பது புத்தி.

பிறேம் சரிவதும் சின்ன விஷயமல்ல. எங்கள் வெக்கைக்கும் வியர்வைக்கும் எது போட்டாலும் மூக்கில் வழுக்கும். மைனஸ் 2.00க்கு 5 மில்லிமீற்றர் இறங்கினாலும் தெரியாது. 6.00க்கு ஏறத்தாழ 0.17 டயொப்ரர் குறைந்துவிடும். மூக்கில் படும் மெத்தையையும் தண்டின் வளைவையும் சூடாக்கிச் சரிசெய்வது கடையில் ஐந்து நிமிட வேலை. வீட்டில் மெழுகுதிரியில் பிடிக்கவேண்டாம். மைனஸ் வில்லைக்கு ஓரம்தான் தடிக்கும், ஆகவே கண்மணி நடுவில் வரக்கூடிய சின்னப் பிறேமை எடுத்தால் 3.00 வரை சாதாரண 1.50 சுட்டெண் பிளாஸ்ரிக்கே போதும் (இந்தச் சுட்டெண் கூடக் கூட வில்லை மெலியும்). 4.00 தாண்டினால் 1.60 அல்லது 1.67க்குக் காசு கொடுக்கலாம். பிள்ளைகளுக்குப் பொலிகாபனேற், பந்து பட்டாலும் லேசில் சிதறாது. "வளர்கிற பிள்ளை" என்று பெரிய பிறேம் வாங்குவது செருப்புக்குச் சரி, கண்ணாடிக்குச் சரிவராது.

துடைப்பது

கோட்டிங் கீறுவது துணியால் அல்ல, துணிக்கடியில் மாட்டும் மண்ணால். சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி வில்லையில் படிந்தே இருக்கும். சாரத்து நுனியாலோ சேலைத் தலைப்பாலோ உலரத் துடைத்தால் மணல் கடதாசியால் உரைஞ்சின மாதிரி. முதலில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணைக் கழுவி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து விரலால் இரண்டு பக்கமும் தடவி, திரும்பக் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, வில்லையில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு ஒரு கிண்ணம் வடிகட்டிய குடிதண்ணி எடுத்து, உடனே பழைய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கவேண்டாம், கோட்டிங் சிலந்திவலைபோல வெடிக்கும். அதற்கு மருந்தில்லை, வில்லை மாற்றவேண்டியதுதான்.

கடைக்குப் போகக்கூடாத நேரம்

பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று தூரம் மங்கினால் கண்ணாடி செய்யமுதல் இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள். சீனி ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஊதி, இல்லாத மைனஸ் காட்டும். சீனி இறங்கியதும் புதுக் கண்ணாடி வீண். 60 தாண்டியவர் "வாசிக்கக் கண்ணாடி வேண்டாம், கண் திருந்திவிட்டது" என்று மகிழ்ந்தால் கண்புரையைப் பார்க்கச் சொல்லுங்கள், புரை முற்றும்போதும் மைனஸ் கூடும்.

மைனஸ் 6.00க்கு மேல் உள்ளவர்களின் விழித்திரை மெல்லிசாக இழுபட்டிருக்கும். கண்ணுக்குள் மின்னல்போல வெட்டுவது, கரும்பொட்டுகள் திடீரென்று கொட்டுவது, ஒரு பக்கத்தால் திரை இறங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது விழித்திரை கழல்வதாக இருக்கலாம். நோகாது, அதனால்தான் ஆக்கள் நாளைக்கு என்று தள்ளுகிறார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரவானாலும்.