தெருவோரக் கடை வைத்திருக்கும் பெண்களுக்கு வங்கிக் கடன்: வடசென்னையில் வாங்குவது எப்படி?

காசிமேட்டில் மீன் கூடை, எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடை, வியாசர்பாடியில் தெருமுனை இட்லிக் கடை. எந்த வியாபாரமானாலும் கைமுதலுக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்டல்தான். 10,000 ரூபாய் தண்டலில் 8,500 கைக்கு வரும். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூறே நாளில் 1,500 போய்விடுகிறது. 15,000 ரூபாய் வங்கிக் கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 1,333. ஓராண்டு முழுக்கக் கட்டினாலும் வட்டி 1,000 ரூபாயைத் தாண்டாது.

இந்தக் கடன், தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் கிடைக்கிறது. 2020இல் ஒன்றிய அரசு தொடங்கியது. பணம் தருவது வங்கி. நீங்கள் வியாபாரிதான் என்று சான்று தருவது மாநகராட்சி. அடமானம் கிடையாது. முதல் கடன் 15,000, அதை அடைத்தால் 25,000, பிறகு 50,000. ஒழுங்காகக் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு.

முதலில் வியாபாரி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? கடையில் நாள் முழுக்க உட்காருவது மனைவி, அட்டை கணவர் பெயரில் என்றால், கடனும் அவர் பெயருக்குத்தான் போகும். அட்டையே இல்லாதவர்கள் உங்கள் மண்டல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி அலுவலகம் உண்டு. கடை வைத்திருக்கும் படம், இடத்தின் அடையாளம், எத்தனை ஆண்டாக வியாபாரம் என்ற விவரம் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

அடுத்தது செல்போன் எண். ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். பழைய சிம் தொலைந்து போயிருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிடுங்கள். இனிஷியலையும் பாருங்கள். ஆதாரில் ‘லட்சுமி கே’, பாஸ்புக்கில் ‘கே லட்சுமி’, அட்டையில் ‘மகாலட்சுமி’ என்றிருந்தால் வங்கியில் கோப்பு நகராது. இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. திட்டத்தின் இணையதளத்திலேயே போடலாம். “லோன் வாங்கித் தர்றேன், ஆயிரம் கொடுங்க” என்பவரிடம் ஆதாரையோ ஓ.டி.பி.யையோ கொடுக்கவே வேண்டாம்.

வங்கி மறுப்பதற்கு முக்கியக் காரணம் சிபில், அதாவது நீங்கள் பழைய கடன்களைக் கட்டிய விதத்தைக் காட்டும் பதிவு. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் விட்ட தவணையும், நீங்கள் ஜாமீன் போட்ட ஆள் கட்டாமல் விட்டு உங்கள் தலையில் விழுந்த பாக்கியும் அதில் தெரியும். சின்ன பாக்கிதான் என்றால் முதலில் அதை அடைத்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணம் வந்த அன்றே தனியாக ஓர் உண்டியல் வையுங்கள். கல்லாவைத் திறக்கும்போதே 50 ரூபாய் அதில் போகட்டும். கடை திறக்கும் 27 நாளில் 1,350 சேர்ந்துவிடும். மழை நாளில், மீன்பிடித் தடைக் காலத்தில் வரவு குறையும். அதனால் நல்ல நாளில் 70, 80 போடுவதே பாதுகாப்பு. மீன்பிடித் தடை ஏப்ரல் 15இலிருந்து 61 நாள். மீன் விற்பவர்கள் அந்த இரண்டு தவணையை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும்.

இட்லிக் கடையை மெஸ்ஸாக்க, மூன்று தையல் மெஷின் போட 50,000 போதாது. அதற்கு மாநில அரசின் யுஒய்இஜிபி (வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டம் இருக்கிறது: 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், பெண்களின் சொந்தப் பங்கு 5 சதவீதம், வயது வரம்பு 55. சென்னைக்கான அலுவலகம் கிண்டியில். இயந்திர விலைப்பட்டியலை ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையில் வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தொழில் செய்ய அனுமதி என்ற வரி இருக்க வேண்டும். மானியம் கைக்கு வராது. வங்கியில் தனியாக நின்று, பிறகு கடனில் கழியும். அந்தப் பணத்தை நம்பி வேறு செலவுக்குக் கை நீட்ட வேண்டாம்.