பசுமை அறிக்கையில் வங்கியின் நீர்மையைத் தேடுவது எப்படி

வங்கிகளை அலசுவதுதான் என் வேலை. சுற்றுச்சூழல், பருவநிலை பற்றி வங்கி வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கையை, அதாவது பசுமை அறிக்கையை, நான் தனியாகப் படிப்பதே இல்லை. பக்கத்தில் நீர்மை (கேட்டவுடன் பணம் கொடுக்கும் திறன்) அட்டவணையும் திறந்திருக்கும்.

முதலில் எல்சிஆர் எனும் நீர்மைப் பாதுகாப்பு விகிதம். அடுத்த 30 நாள் நெருக்கடியில் வெளியேறக்கூடிய நிகரப் பணத்துக்கு ஈடாக, உடனே காசாக்கக்கூடிய தரமான சொத்து இருக்கிறதா என்று அது சொல்லும். பாசல் 3 என்ற சர்வதேச வங்கி விதிகள் கேட்பது குறைந்தது 100 சதவீதம்.

அப்புறம், டெபாசிட் யாருடையது என்று பாருங்கள். காப்பீடுள்ள நிலையான சில்லறை டெபாசிட்டில் 5 சதவீதம் வெளியேறும் என்று கணக்கிடுவார்கள். காப்பீடில்லாத நிறுவன டெபாசிட்டில் பொதுவாக 40. இந்த இரண்டாவது கூட்டம்தான் அறிக்கைகளைப் படிக்கும், சந்தேகம் வந்தால் முதலில் கிளம்பும். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் போனது. காரணம் பருவநிலை அல்ல, பத்திர நஷ்டம்தான். ஆனால் நம்பிக்கை உடையும் வேகம் அதுதான்.

சரி, இப்போது பருவநிலைப் பகுதி. பருவநிலைத் தகவலை வெளியிடுவதற்கென 2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற சர்வதேசத் தரத்தின்படி எழுதியிருக்கிறார்களா? ஒரு பெருவெள்ளத்தை மனதில் வைத்துப் படியுங்கள். வீட்டைச் சரிசெய்ய மக்கள் சேமிப்பை எடுப்பார்கள், நிறுவனங்கள் கடன் வரம்பை முழுதாக இழுக்கும், தவணை நின்றுபோகும். மூன்றும் ஒரே வாரத்தில். இதை நீர்மைச் சோதனையில் சேர்த்திருக்கிறார்களா என்று பென்சிலோடு தேடுவேன். கடன் இழப்பை மட்டும் எழுதிவிட்டு நீர்மையைத் தொடாத அறிக்கை என்றால், நேராக முதலீட்டாளர் பிரிவுக்குக் கேள்வி அனுப்பிவிடுவேன். நீங்களும் அனுப்புங்கள்.