ராக்ஃபோர்ட் சீஸின் நீலப் பூஞ்சை: படம் தெளிவான விதம்

ராக்ஃபோர்ட் என்ற பிரெஞ்சு நீலச் சீஸில் ஊசியால் துளையிடுவார்கள். அதன் வழியே காற்று போய், உள்ளே இருக்கும் குழிகளில் பெனிசிலியம் ராக்ஃபோர்டி என்ற பூஞ்சை நீலப்பச்சைத் தூளாக வளரும். அந்தக் குழி ஒன்றை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸில், முழுவதும் தெளிவாக வர ஃபோகஸை நகர்த்திப் பல படங்களாக எடுத்து, மென்பொருளில் ஒன்றாக அடுக்கினேன். தூளின் விளிம்பெல்லாம் இரட்டையாக வந்தது. பல நாள் இதிலேயே போனது.

லென்ஸ் துளையை எஃப்/22 என மிகச் சிறிதாக்கி ஒரே படமாக எடுத்தால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் மொத்தமும் மழுங்கியது. ரிமோட் ஷட்டர், கனமான முக்காலி, வேறு மென்பொருள், எதுவும் உதவவில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. சீஸுக்கு அடியில் இருந்த காகிதத்தின் இழைகள் துல்லியமாக இருந்தன. அப்படியென்றால் கேமரா ஆடவில்லை, சீஸ்தான் நகர்கிறது! குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டு விளக்குச் சூட்டில் இளகி, படத்துக்குப் படம் மெல்லத் தாழ்ந்திருக்கிறது.

சீஸை மூடியபடியே அறைவெப்பத்துக்கு வரவிட்டேன். திறந்து வைத்தால் நீர் கோத்துப் பூஞ்சை கருத்துவிடும். விளக்கை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் டிரேசிங் பேப்பர் வழியாக ஃபிளாஷ் கொடுத்தேன், லென்ஸ் துளை பெரிதாக, எஃப்/5.6. எடுப்பதற்குச் சற்று முன் புதிதாக வெட்டிய முகம். சரி, அடுக்கியதும் தூள் தூளாகவே தெரிந்தது. அப்பாடா!