முதல் பிரதியைத் திருத்துவது எப்படி? புதிதாக எழுதுவோருக்கு ஒரு செய்முறை

எழுதத் தொடங்கும் பலர் முதல் பத்தியைத் தாண்டாமலே நின்றுவிடுவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்வதே பெரும்பாலும் காரணம். இவ்விரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துக்கொண்டால், கட்டுரையானாலும் சிறுகதையானாலும் எழுதி முடிக்க இயலும்.

முதல் படி: சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறுத்தாமல் இறுதிவரை எழுதுங்கள். பொருத்தமான சொல் கிடைக்காத இடத்தில் அடிக்கோடிட்டுவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

இரண்டாம் படி: எழுதியதைச் சில நாட்கள் தொடாமல் வையுங்கள். எழுதிய சூட்டிலேயே படித்தால், தாளில் இல்லாததையும் மனம் தானே நிரப்பிக்கொள்ளும்.

மூன்றாம் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோகும் அந்தப் பட்டியலைவிடச் சிறந்த திருத்தக் கருவி தொடக்கநிலை எழுத்தாளருக்குக் கிடைப்பது அரிது என்பது என் உறுதியான எண்ணம். பத்தையும் ஒரே வாசிப்பில் தேடாமல், ஒரு வாசிப்புக்கு ஒரு குற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'மிகைபடக் கூறல்'. "அவன் அச்சத்தோடும் பதற்றத்தோடும் கைகள் நடுங்கக் கதவைத் தட்டினான்" என்று எழுதியிருந்தால், நடுங்கும் கைகளே அச்சத்தைக் காட்டிவிடுவதால் "கைகள் நடுங்கக் கதவைத் தட்டினான்" என்பதே போதும். அடுத்து 'கூறியது கூறல்': ஒரே கருத்து இரண்டு பத்திகளில் வந்தால், வலுவாக அமைந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'மற்றொன்று விரித்தல்' என்னும் குற்றத்தைக் கண்டுபிடிக்க முதல் படியில் எழுதிய வாக்கியம் உதவும். அதனோடு தொடர்பில்லாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வெட்டி வேறொரு கோப்பில் சேமித்து வையுங்கள். 'குன்றக் கூறல்' இதற்கு நேர்மாறானது. உங்களுக்கு நன்கு தெரிந்த செய்தியை வாசகருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி விட்டுவிடுவதால் நேர்வது இது. 'சென்று தேய்ந்து இறுதல்' புதியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது: விரிவாகத் தொடங்கிய எழுத்து, முடிக்கும் அவசரத்தில் மெலிந்துபோகும். ஆகவே கடைசிப் பகுதியைத் தனியாக எடுத்து, தொடக்கத்துக்குத் தந்த அதே பொறுமையுடன் மீண்டும் எழுதுங்கள்.

நான்காம் படி: முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், எழுவாய்க்கும் அதற்கும் இடையே எச்சங்கள் அடுக்கடுக்காகச் சேரும்போது யார் எதைச் செய்தார் என்பது மங்கிவிடும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள். "மழையும் காற்றும் ஓய்ந்தது" போன்ற ஒருமை பன்மைப் பிழைகளும் அப்போது காதில் உறுத்தும். "ஓய்ந்தன" என்று திருத்திவிடலாம்.

எழுத்துப்பிழையை இறுதியில் பார்த்தால் போதும், ஏனெனில் வெட்டப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை தேடுவது வீண் உழைப்பு. அந்த, இந்த, எந்த என்னும் சொற்களுக்குப் பின்னும், ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும் இடங்களிலும் வல்லினம் மிகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தாலே பெரும்பாலான சந்திப்பிழைகள் நீங்கிவிடும்.

இறுதியாக, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் அன்பு காரணமாக ஆம் என்றே சொல்வார். எந்த இடத்தில் கவனம் சிதறியது, எதை இரண்டு முறை படிக்க நேர்ந்தது என்று ஓரத்தில் கோடிட்டுத் தரச் சொல்லுங்கள். குழப்பத்தின் காரணம் கோடிட்ட வரியில் இல்லாமல், அதற்கு முன் விடுபட்ட ஒரு செய்தியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அவ்விடத்துக்கு இரண்டு பத்திகள் முன்னிருந்தே படித்து வந்து திருத்துங்கள்.