முதல் பாயிண்ட் ஷூ: வாங்குவது, தைப்பது, ஏறி நிற்பது

பாயிண்ட் ஷூ என்றால் பாலே நடனத்தில் கால் விரல் நுனியில் ஏறி நிற்பதற்குப் போடுகிற ஷூ. டீச்சர் "இனி நீ பாயிண்ட் போடலாம்" என்று சொன்ன பிறகுதான் கடைக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம். 11, 12 வயதானால் போதும் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். வயது மட்டும் கணக்கில்லை, கால் பலம்தான் முக்கியம். வீட்டிலேயே பார்க்கலாம்: சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலை முழுக்கத் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். நாலைந்து தடவையிலேயே கணுக்கால் ஆட ஆரம்பித்தால் இன்னும் நேரம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பரதமும் பாலேயும் சேர்த்துப் படிக்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அரைமண்டியில் தொடையிலிருந்து காலைத் திருப்பி முழங்காலைப் பாத விரல்களுக்கு நேராக வைக்கிற பழக்கம் பிளியேவுக்கு, அதாவது பாலேயில் முழங்காலை மடக்கி இறங்குவதற்கு, அப்படியே உதவும். ஆனால் குதிகாலைத் தூக்கியபடி உடம்பை மேலே இழுத்துப் பிடிக்கிற பலம் தனியாகத்தான் வளர வேண்டும், அதனால் அரங்கேற்றம் முடித்த பிள்ளையானாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

சரி, கடை. முதல் ஜோடியை ஆன்லைனில் வாங்காதீர்கள், பிள்ளையை நேரில் கூட்டிப் போங்கள். ஸ்கூல் ஷூ சைஸ் இதற்குப் பொருந்தாது. நகங்களை இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டி வைத்துவிட்டு, வகுப்புக்குப் போடுகிற டைட்ஸும் விரலுக்கான பேடும் கொண்டு போங்கள். விரல்களைச் சுற்றி இருக்கிற கெட்டியான பகுதி பாக்ஸ். வழக்கமான ஷூவில் அது துணியும் தாளும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கியதுதான், உள்ளே மரமோ இரும்போ கிடையாது. அடிப்பாதத்தில் ஓடுகிற விறைப்பான பட்டை ஷாங்க்.

இரண்டாம் பொசிஷனில், அதாவது பாதங்களை வெளியே திருப்பி அகட்டி நின்று, பிளியே செய்யும்போது விரல் நுனி ஷூவின் முனையைத் தொட வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது. பாயிண்டில் ஏறும்போது குதிகால் பக்கம் துணியைக் கொஞ்சம் கிள்ளிப் பிடிக்க வந்தால் போதும், கை நிறைய வந்தால் பெரிசு. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் கூட எடு" என்று கூட வந்த பாட்டி சொல்லுவார்கள். மற்ற ஷூவுக்கெல்லாம் அது நல்ல யோசனைதான், இதற்கு மட்டும் இல்லை. பெரிய ஷூவில் பாதம் கீழே வழுக்கி மொத்த எடையும் விரல் நுனியில் இறங்கும், நகம் கறுத்துப்போகும், பெருவிரல் மூட்டு கெடும். நல்ல ஷூ பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்து, அந்த எடையைப் பாதம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும்.

நிறம் பற்றியும் கேளுங்கள். 2018இல் லண்டனின் ஃப்ரீட் என்கிற பாலே ஷூ நிறுவனம், கறுப்பின, ஆசிய ஆட்டக்காரர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிற ஷூக்களைக் கொண்டுவந்தது. அதுவரை நம் மாதிரித் தோல் நிறம் உள்ள ஆட்டக்காரர்கள் பலர் பிங்க் சாட்டின் மேல் ஃபவுண்டேஷன் பூசித்தான் நிறத்தைச் சேர்த்தார்கள். பரீட்சைக்கு எந்த நிறம் என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுக்காதீர்கள். டீச்சர் பார்த்து சரி என்ற பிறகுதான் தையல், ஏனென்றால் தைத்த ஷூவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அப்புறம் சுமார் 2.2 மீட்டர் ரிப்பனை நாலாக வெட்டி, பிசிறாமல் இருக்க முனையை நெருப்பில் லேசாகக் காட்டுங்கள். குதிகால் பகுதியை உள்பக்கமாக மடித்தால் பக்கவாட்டில் ஒரு மடிப்பு விழும், ரிப்பன் அங்கே, சற்று முன்னால் சாய்ந்து. உள்துணியோடு மட்டும் தையுங்கள், சாட்டினில் ஊசி வெளியே வரக் கூடாது. விளிம்பில் ஓடுகிற இழுகயிற்றையும் சேர்த்துத் தைத்துவிட்டால் அப்புறம் அதை இறுக்கவே முடியாது. சாதா நூல் அறுந்துவிடும், பல்லுக்குப் போடுகிற ஃப்ளாஸ் நன்றாகத் தாங்கும். குதிகாலில் எலாஸ்டிக்.

கட்டும்போது பாதம் தரையில் தட்டையாக இருக்கட்டும். முடிச்சு கணுக்காலின் உள்பக்கக் குழியில், எலும்புக்கும் பின்னால் உள்ள தசைநாணுக்கும் நடுவில் விழ வேண்டும். நாணின் மேலேயே விழுந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் உறுத்தும். நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

முதல் வகுப்புகளில் பார் என்கிற கைப்பிடிக் கம்பியைப் பார்த்து நின்று, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வகுப்பு முடிவில் 10, 15 நிமிடம் மட்டும். தரையில் குதிகால், அப்புறம் முன்பாதத்தில் நிற்கிற அரைப் பாயிண்ட், அப்புறம் விரல் நுனியில் முழுப் பாயிண்ட் என்று உருட்டி ஏறி, அதே வழியில் உருட்டி இறங்க வேண்டும். இறங்குவதுதான் கஷ்டம், பலம் வளர்வதும் அதில்தான், பொத்தென்று விழ விடாதீர்கள். எடை முதல் இரண்டு மூன்று விரல்களுக்கு நேராக, முழங்கால் நீட்டி, வயிறு மேலே. விரல் நுனியில் அழுத்தமும் கன்றலும் இருக்கத்தான் செய்யும், ஆனால் கணுக்காலின் பின்னால் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டீச்சரிடம் சொல்லுங்கள்.

டர்பன் கோடையில் காற்றே ஈரம், ஈரம் பசையை இளக்கிவிடும். பேடை வெளியே எடுத்து, ஷூவை நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள், பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். பாக்ஸ் கையால் அழுத்தினாலே குழைகிறதா, ஷாங்க் பாதத்தைத் தாங்காமல் மடிகிறதா, அந்த ஜோடியின் ஆயுள் முடிந்தது. விலை அதிகம்தான், தெரியும், ஆனாலும் அதில் இன்னொரு டெர்ம் ஓட்ட வேண்டாம். ரிப்பனை மட்டும் பிரித்துத் துவைத்து வையுங்கள், அடுத்த ஜோடிக்கு ஆகும்.