பிளிட்ஸ் போட்டியில் கடிகாரத்தையும் சேர்த்து ஆடுவது எப்படி

அமெச்சூர் வீரர்கள் இருவர் மோதும் பிளிட்ஸ் எனும் அதிவேகச் சதுரங்க ஆட்டத்தில், பலகையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைவிட, யாரிடம் எத்தனை நொடிகள் மிச்சமிருக்கின்றன என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபிடே (சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு) விதிப்படி, ஒவ்வொருவருக்கும் தரப்படும் அடிப்படை நேரத்துடன் ஒவ்வொரு நகர்வுக்கும் சேரும் நொடிகளின் 60 மடங்கைக் கூட்டினால் 10 நிமிடத்தைத் தாண்டாத ஆட்டம் பிளிட்ஸ் எனப்படும். பரவலாக ஆடப்படும் 3 நிமிடம், நகர்வுக்கு 2 நொடி என்ற அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

அமர்ந்தவுடன் கடிகார அமைப்பையும் காய்களின் இடத்தையும் சரிபாருங்கள். இருவரும் 10 நகர்வுகளை முடித்துவிட்டால், காய்கள் தவறாக அடுக்கப்பட்டிருந்தன என்று முறையிட வழியில்லை. ராஜா தவறான கட்டத்தில் நின்றிருந்தால் கோட்டை கட்டும் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தும்) உரிமையும் போய்விடும்.

நன்கு பழகிய ஓப்பனிங்கையே (தொடக்க நகர்வு வரிசையையே) ஆடி, முதல் 10 நகர்வுகளை அரை நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். மிச்சப்படுத்திய நேரத்தை, காய்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நடு ஆட்டத்தில் ஓரிரு இடங்களில் மட்டும் தாராளமாகச் செலவிடலாம். எதிராளி யோசிக்கும் நேரமும் உங்களுடையதே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதற்றத்தில் நேரும் தவறுகள்தான் மிகவும் வருத்தம் தருபவை. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். தட்டிவிட்ட காயை உங்கள் நேரத்திலேயே நிமிர்த்தி வைக்க வேண்டும். எதிராளி தன் ராஜாவைச் செக்கில் விட்டபடி கடிகாரத்தை அழுத்திவிட்டால், அந்த ராஜாவை வெட்டிக் காட்டாதீர்கள், அது விதிப்படி செல்லாது. உங்கள் நகர்வைச் செய்வதற்கு முன்பே கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழையுங்கள். முதல் முறை உங்களுக்கு 1 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்; அவர் மறுமுறையும் விதிமீறிய நகர்வைச் செய்தால் பொதுவாக ஆட்டமே உங்களுடையது.

யானை ஒன்று கூடுதலாக இருந்தும் 8 நொடிதான் மிச்சம் என்ற நிலை வந்தால், எதிராளியின் கடைசிச் சிப்பாயை முதலில் வெட்டிவிடுங்கள். அவரிடம் ராஜா மட்டுமே இருக்கும்போது உங்கள் நேரம் தீர்ந்தால் ஆட்டம் டிரா. ஒரு சிப்பாய் எஞ்சியிருந்தாலும் பெரும்பாலும் தோல்விதான். ராஜாவும் யானையும் கொண்டு தனி ராஜாவை மடக்குவதற்குச் சரியாக ஆடினால் 16 நகர்வுகளுக்கு மேல் ஆகாது. ஆகவே கடிகாரத்தில் 10 நொடியும் நகர்வுக்கு 2 நொடியும் வைத்துக்கொண்டு, கை தானாக ஓடும்வரை அதை வீட்டில் பழகிக்கொள்ளுங்கள்.