ஜிபிபி-யில் ‘அப்ஸ்ட்ரீம்’ பெயர்க் குழப்பம்: சரிசெய்வது எப்படி?

டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜ்களைக் கிட்-பில்ட்பேக்கேஜ் (சுருக்கமாக ஜிபிபி) என்ற கருவி வைத்துத் தயாரிக்கிறீர்களா? ‘ரெஃப்நேம் அப்ஸ்ட்ரீம் இஸ் ஆம்பிகுவஸ்’ என்ற எச்சரிக்கை என்றாவது கண்ணில் படும். ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று கிட் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் மென்பொருள்) முறையிடுகிறது. வேலை நிற்காமல் ஓடுவதால் பலரும் கண்டுகொள்வதில்லை. விடாதீர்கள்.

(கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் ‘கிட் ஃபார்-ஈச்-ரெஃப்’ கொடுங்கள். எல்லாப் பெயர்களும் முழு வடிவில் வரும். ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/’ என்று தொடங்குவது உங்கள் பிராஞ்ச் (வேலை நடக்கும் கிளை), ‘ரெஃப்ஸ்/டேக்ஸ்/’ டேக் (ஒரு நிலைக்கு ஒட்டிய அடையாளப் பெயர்), ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/’ ரிமோட்டிலிருந்து (வேறிடத்தில் இருக்கும் களஞ்சியம்) வந்தது. ‘அப்ஸ்ட்ரீம்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் மாட்டுவது ரிமோட்தான். மூல மென்பொருளை வைக்கும் பிராஞ்சுக்கு ஜிபிபி இயல்பாகத் தரும் பெயர் ‘அப்ஸ்ட்ரீம்’. மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்று அழைக்கும் கிட்ஹப் பழக்கத்தில் ரிமோட்டுக்கும் அதையே வைத்துவிடுகிறோம். ‘ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/அப்ஸ்ட்ரீம்/ஹெட்’ (அந்த ரிமோட்டின் இயல்பான பிராஞ்சைச் சுட்டுவது) இருந்தால் ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற சுருக்கப் பெயர் அதற்கும் பொருந்தும். கிட் 2.48 முதல் ஃபெட்ச் செய்யும்போதே (ரிமோட்டில் உள்ள புதியவற்றை இறக்கும்போதே) இந்த ஹெட் உருவாகிவிடுகிறது. அதனால் கிட்டைப் புதுப்பித்த பிறகு திடீரென்று எச்சரிக்கை முளைக்கலாம்.

‘கிட் ரிமோட் ரீனேம் அப்ஸ்ட்ரீம் அப்ஸ்ட்ரீம்விசிஎஸ்’ போட்டால் சரியாகிவிடும். ‘ஜிபிபி குளோன்’ கட்டளையில் ‘--ஆட்-அப்ஸ்ட்ரீம்-விசிஎஸ்’ சேர்த்தாலும் ரிமோட்டுக்கு இந்தப் பெயர்தான் கிடைக்கும்.

அதே பெயரில் டேக் இருந்தால்தான் உண்மையான தலைவலி. கிட் முதலில் டேக்கைப் பார்க்கும், அப்புறம் பிராஞ்ச், கடைசியில்தான் ரிமோட். ஆகவே ‘கிட் லாக் அப்ஸ்ட்ரீம்’ டேக்கின் வரலாற்றைக் காட்டும். ‘கிட் செக்அவுட் அப்ஸ்ட்ரீம்’ பிராஞ்சுக்குப் போகும். புஷ் செய்தாலோ (சர்வருக்கு அனுப்பினாலோ) ‘மேட்சஸ் மோர் தேன் ஒன்’ என்று பிழை காட்டி நின்றுவிடும். டேக் தேவையில்லை என்று உறுதிசெய்துகொண்டு ‘கிட் டேக் --டெலிட் அப்ஸ்ட்ரீம்’ போடுங்கள். சர்வரிலும் இருந்தால் ‘கிட் புஷ் ஆரிஜின் --டெலிட் ரெஃப்ஸ்/டேக்ஸ்/அப்ஸ்ட்ரீம்’. இங்கே முழுப்பெயர் முக்கியம், இல்லையென்றால் மறுபடி அதே குழப்பம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் டெபியன் களஞ்சியங்களின் அமைப்பு பற்றிய டெப்-14 பரிந்துரைப்படி ‘டெபியன்/லேட்டஸ்ட்’, ‘அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட்’ என்று பெயர் வைத்து, ‘டெபியன்/ஜிபிபி.கான்ஃப்’ கோப்பில் ‘டெபியன்-பிராஞ்ச்’, ‘அப்ஸ்ட்ரீம்-பிராஞ்ச்’ வரிகளில் எழுதிவிடுவது நல்லது. பழைய களஞ்சியத்தில் ஒரு சிக்கல்: ‘அப்ஸ்ட்ரீம்’, ‘அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட்’ இரண்டு பிராஞ்சும் சேர்ந்து இருக்க முடியாது. ‘கிட் பிராஞ்ச் --மூவ் அப்ஸ்ட்ரீம் அப்ஸ்ட்ரீம்/லேட்டஸ்ட்’ என்று பெயரை மாற்றுங்கள். சர்வரில் பழைய பிராஞ்சை நீக்கிய பிறகே புதியதைப் புஷ் செய்ய முடியும். கூட வேலை செய்பவர்கள் ‘கிட் ஃபெட்ச் --ப்ரூன்’ போட வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.